வலது காலைத் தனியாக வரைந்தவன்

தொண்ணூறுகளின் கடைசியில் நடந்தது இது. பெங்களூரில், அடுகோடியில், ஒரு மாடியில். கீழே மோட்டாருக்குக் கம்பி சுற்றும் பட்டறை. மேலே, வெளிநாட்டு டிவிக்காரர்களுக்குக் கார்ட்டூன் வரைந்து கொடுக்கும் ஒரு சின்ன ஸ்டூடியோ. புதிதாக ஆள் எடுத்து அவர்களே படம் வரையச் சொல்லிக் கொடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, போய், ஒரு நாள் முழுக்க வரைந்து காட்டி, அதில் தேறி உள்ளே போனவர்களில் நானும் ஒருத்தி. அப்போதுதான் டிகிரி முடித்திருந்தேன். பயிற்சி முடிந்ததும் பாதிப் பேரைத்தான் வேலைக்கு வைத்துக்கொள்வோம் என்று முதல் நாளே சொல்லிவிட்டார்கள். அந்தப் பாதியில் நான் இருந்தே ஆக வேண்டும். இல்லாவிட்டால் அம்மா வேலை பார்க்கிற கார்மெண்ட்ஸ் கம்பெனியில் எனக்கும் ஒரு தையல் மெஷின் காத்திருந்தது.

அந்த வருடத்தைப் பற்றி யார் கேட்டாலும் எனக்கு முதலில் ஞாபகம் வருவது அலுப்புதான். அப்படி ஒரு அலுப்பு. தூங்கி எழுந்தாலும் அலுப்பு, சாப்பிட்டு முடித்தாலும் அலுப்பு. அல்சூரில் எங்கள் வீட்டிலிருந்து அடுகோடிக்கு இரண்டு பஸ் மாறிப் போக வேண்டும். கண்டக்டர், "முந்தெ ஹோகி, முந்தெ ஹோகி" என்று முதுகில் கை வைக்காத குறையாக எல்லாரையும் முன்னால் தள்ளுவார். நான் பின்படி பக்கத்துக் கம்பியில் தொங்கிக்கொண்டே கண்ணை மூடிவிடுவேன். நின்றபடி தூங்குவது எப்படி என்று யாராவது வகுப்பு வைத்திருந்தால் அதில் நான்தான் முதல் மார்க் வாங்கியிருப்பேன்.

ஸ்டூடியோவில் முதல் மாதம் முழுக்கப் பந்துதான் வரைந்தோம். சிரிக்காதீர்கள். எங்கள் சித்தப்பாவும் இப்படித்தான் சிரித்தார், பி.காம் படித்துவிட்டுப் பந்து வரைகிறாளாம் என்று. ஒரு பந்து கீழே விழுந்து எழும்புகிற மாதிரி வரைந்து பாருங்கள், தெரியும் கஷ்டம். தரையில் பட்டதும் கொஞ்சம் சப்பிப் போக வேண்டும், எழும்பும்போது கொஞ்சம் நீள வேண்டும். உச்சிக்குப் போனதும் தயங்க வேண்டும். அதற்குப் படங்களை நெருக்கி நெருக்கிப் போட வேண்டும். விழும்போது வேகம்; அங்கே படங்கள் தள்ளித் தள்ளி இருக்க வேண்டும். ரப்பர் பந்து ஒரு மாதிரி, கிரிக்கெட் பந்து வேறு மாதிரி. பந்து முடிந்து பாதி நிரம்பிய அரிசி மூட்டை வந்தது. மூட்டைக்கு முகம் இல்லை, கைகால் இல்லை, ஆனால் அது சோகமாக இருக்கிறதா குஷியாக இருக்கிறதா என்று பார்த்தவுடன் தெரிய வேண்டும். அதையும் குதிக்க வைத்தோம்.

சொல்லிக் கொடுத்தவர் மெட்ராஸ்காரர். முப்பது வயதுதான் இருக்கும். பம்பாயில் வேலை பார்த்துவிட்டு வந்தவர். வாயைத் திறந்தால் கேலிதான். என் மூட்டை குதித்த லட்சணத்தைப் பார்த்து, "ஏம்மா, குதிக்கறதுக்கு முன்னாடி குனியணும். குனியாம எவன் குதிச்சான்? ஒம் மூட்டைய யாரோ மேலேர்ந்து கயிறு போட்டு இழுக்கறாங்க" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது, ஆனால் சிரிக்கவும் தெம்பு வேண்டுமே.

எங்கள் மேஜை எப்படி இருக்கும் என்றால், நடுவில் ஒரு கண்ணாடி, அதன் அடியில் டியூப்லைட். மேலே தாள் நகராமல் பிடிக்க இரண்டு மூன்று குமிழ்கள். தாளில் துளை போட்டு அதில் மாட்டி, முந்தைய படம் அடியில் தெரியத் தெரிய அடுத்ததை வரைய வேண்டும். மத்தியானம் சாப்பிட்டு வந்து உட்கார்ந்தால் அந்த வெளிச்சத்தின் மேலேயே தலை சாய்ந்துவிடும். எழுந்தால் கன்னத்தில் குமிழ் அச்சாகப் பதிந்திருக்கும். சோம்பேறி என்று பெயர் வாங்கிவிட்டேன். நானும் அதை நம்பினேன் என்பதுதான் வேடிக்கை. சாயங்காலம் ஆனால் உடம்பு கதகதவென்று காயும், அதையும் பஸ் கூட்டத்தின் புழுக்கம் என்று விட்டுவிட்டேன். சுடிதார் எல்லாம் தொளதொளவென்று ஆகிவிட்டன. வலது முழங்காலில் ஒரு வலி. ஸ்டூடியோவில் மாடிப்படி ஜாஸ்தி, அதனால் இருக்கும் என்று தைலம் தேய்த்துக்கொண்டேன்.

அம்மாவிடம் சொன்னால், "ஒக்காந்து பொம்ம போடறதுக்கே இவ்ளோ அலுப்பாடி? நாள் பூரா மெஷின் மிதிக்கறவ நான் என்ன சொல்றது?" என்பாள். சொல்லிவிட்டு மறுநாள் பேரீச்சம்பழம் வாங்கி வந்து டிபன் பாக்ஸில் வைப்பாள். ரத்தம் கம்மி என்று அவளே முடிவு செய்துவிட்டாள். அவளைக் குறை சொல்ல என்ன இருக்கிறது? அவளும் அலுத்துத்தான் இருந்தாள், அப்பாவும் ஷிஃப்ட் முடிந்து வந்து அலுத்துத்தான் படுப்பார். எங்கள் வீட்டில் அலுப்பு என்பது ஒரு செய்தியே இல்லை.

கடைசிப் பாடம் நடை. ஒரு ஆளை நடக்க வைப்பது. "நடக்கறதுன்னா என்னன்னு நெனச்சீங்க? விழறதுதான். விழப்போற நேரத்துல இன்னொரு கால் ஓடி வந்து தாங்குது" என்றார் மெட்ராஸ்காரர். அதில் ஒரு சுருக்கு வழியும் சொல்லிக் கொடுத்தார். இடது கால் எடுத்து வைப்பதை மட்டும் ஒழுங்காக வரைந்துவிட்டால் போதும். அந்தத் தாள்களையே அடியில் வைத்து, கைகாலை மட்டும் மாற்றி, வலது காலுக்கும் போட்டுவிடலாம். வேலையும் பாதியாகும், நடையும் சீராக வரும். நாங்கள் எல்லாரும் அப்படித்தான் போட்டோம். எல்லா இடத்திலும் அப்படித்தான் போடுவார்கள்.

வேலைக்கு யாரை வைத்துக்கொள்வது என்று முடிவு செய்யப்போகிற கடைசிப் பரீட்சையும் நடையேதான். தினம் பார்க்கிற யாராவது ஒருவருடைய நடையை வரைய வேண்டும். அவரிடம் சொல்லக் கூடாது. முகம் போடக் கூடாது, வெறும் வட்டம்தான். அந்த ஆளைத் தெரிந்தவர்கள் நடையைப் பார்த்தே யார் என்று சொல்லிவிட வேண்டும். நான் எங்கள் பஸ் கண்டக்டரைப் பிடித்தேன். கூட்டத்தில் பக்கவாட்டில் நடப்பார், பார்க்க நண்டு மாதிரி இருக்கும், எனக்கும் வசதி. பஸ்ஸுக்குள் தூங்காமல் இருக்க அது ஒரு காரணமாகவும் ஆயிற்று.

எங்கள் வகுப்பில் ஒருவன் இருந்தான். பிரேசர் டவுன் பையன். வீட்டில் உருது, வெளியில் தமிழ், பஸ்ஸில் கன்னடம். ஆனால் மூன்றிலும் சேர்த்து ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை பேசினால் அதிகம். பேச்சு கம்மி, பார்வை ஜாஸ்தி. பென்சிலைக் கடித்துக்கொண்டு யாரையாவது பார்த்துக்கொண்டே இருப்பான். நானும் இன்னொரு பெண்ணும் அவன் முதுகுக்குப் பின்னால் அவனைப் பற்றி நிறையக் கிண்டல் பேசியிருக்கிறோம். அவன் கையில் மட்டும் வித்தை இருந்தது, அதை யாரும் மறுக்க முடியாது. வேலை கிடைக்கும் முதல் ஆள் அவன்தான் என்று எல்லாரும் சொல்வோம்.

பரீட்சை நாள் வந்தது. ஜன்னல் திரையை இழுத்துவிட்டு, வரைந்ததை எல்லாம் கேமராவில் எடுத்து ஒரு டிவியில் ஒவ்வொன்றாகப் போட்டுக் காட்டினார்கள். ஒருத்தன் தன் வீட்டு ஓனரின் தொந்தியை முன்னால் விட்டு ஆளைப் பின்னால் நடக்க வைத்திருந்தான். கைதட்டல். என் கண்டக்டருக்கும் சிரிப்பு கிடைத்தது. "பரவால்லம்மா, முழிச்சிட்டிருக்கறப்ப நல்லாத்தான் போடற" என்றார் மெட்ராஸ்காரர். மனசுக்குள் பால் வார்த்த மாதிரி இருந்தது.

அப்புறம் அந்தப் பிரேசர் டவுன்காரனுடைய படம் வந்தது.

ஒரு பெண். சுடிதார். தோளில் பெரிய பை. பை நழுவும், அவள் தோளை ஒரு தூக்குத் தூக்கி அதை மேலே ஏற்றுவாள், அது மறுபடி நழுவும். தலை உடம்புக்குக் கொஞ்சம் முன்னால் போகும். அவ்வளவுதான், வகுப்பே ஒரே குரலில் என் பெயரைச் சொல்லிக் கத்தியது.

எனக்கு முகமெல்லாம் சூடாகிவிட்டது. சிரித்து வைத்தேன். டிவியில் அவள் விடாமல் நடந்துகொண்டே இருந்தாள். அந்தப் படம் அப்படித்தான் ஓடும், நிறுத்துகிற வரைக்கும் ஒரே நடை திரும்பத் திரும்ப வரும். பார்க்கப் பார்க்க எனக்குச் சிரிப்பு போய்விட்டது. ஐயோ, எவ்வளவு அலுத்துப் போயிருக்கிறாள் இவள் என்று, யாரோ முன்பின் தெரியாத ஒருத்தியைப் பார்த்து நினைக்கிற மாதிரி நினைத்தேன். பாவமாக இருந்தது. யாராவது அந்தப் பையை வாங்கிக்கொள்ளக் கூடாதா என்றுகூடத் தோன்றியது.

"எல்லாம் சரிப்பா" என்றார் மெட்ராஸ்காரர். "டைமிங் கோட்டை விட்டுட்டியே. எடது கால்ல நிக்கற நேரம் வலது கால்ல இல்ல. வலத வச்சவொடனே எடுத்துடற. வெட்டி வெட்டி இழுக்குது பாரு. ஒண்ணப் போட்டு இன்னொண்ணக் காப்பி பண்ணுன்னு எத்தன தடவ சொல்றது?"

"காப்பி பண்ணல சார். ரெண்டு காலையும் தனித்தனியாதான் போட்டேன்."

"அதான் தப்பாயிருக்கு. மாத்திட்டு வா. இல்லன்னா இதுக்கு நான் பாஸ் போட முடியாது."

அவன், "மாத்த முடியாது சார்" என்றான். "தப்பில்ல சார் அது. அவங்க அப்படித்தான் நடக்கறாங்க."

எனக்கு வந்த கோபம் இருக்கிறதே! இத்தனை நாளாக என் பின்னால் நின்று என் இடுப்பையும் காலையும் பார்த்து வரைந்திருக்கிறான், அது போதாதென்று இப்போது நொண்டி என்று வேறு வகுப்பு நடுவே சொல்கிறான். "நான் ஒண்ணும் அப்படி நடக்கல" என்று எழுந்து நின்றேன். "சார், நடந்து காட்டட்டுமா?"

நடந்து காட்டினேன். சுவரிலிருந்து கதவு வரைக்கும், கதவிலிருந்து சுவர் வரைக்கும். என்.சி.சி. பரேடு தோற்றது. "பாரு, நல்லாத்தானே நடக்கறா" என்றார் மெட்ராஸ்காரர்.

"நடக்கறோம்னு நெனச்சுட்டு நடக்கறாங்க சார்" என்றான் அவன். என்னைப் பார்க்காமல் தரையைப் பார்த்துத்தான் பேசினான். "ரோட்டுல பாருங்க சார். நான் ரோட்டுலதான் பாத்தேன்."

அவருக்கும் வீம்பு வந்துவிட்டது. எதிர் சாரியில் ஒரு டீக்கடை உண்டு. ஃபிளாஸ்கை என் கையில் கொடுத்து, எல்லாருக்கும் டீ வாங்கி வா என்றார். எதற்கு அனுப்புகிறார் என்று எனக்குத் தெரியாதா? பையை மாட்டிக்கொண்டு படி இறங்கும்போதே மேலே நாற்காலிகள் நகரும் சத்தம் கேட்டது. ஜன்னலில் கூடுகிறார்கள். போகும்போது முதுகை நிமிர்த்தி, ஒவ்வொரு அடியையும் அளந்து வைத்துப் போனேன். டீக்காரர் ஃபிளாஸ்கில் ஊற்றிக் கொடுத்தார். திரும்பும்போது ரோட்டில் ஒரு லாரி, அதன் பின்னாலேயே ஒரு ஆட்டோ. ஃபிளாஸ்க் கனம், பை வேறு தோளில் நழுவுகிறது, எப்போதடா அக்கடா என்று உட்காருவோம் என்று இருந்தது. வண்டிகளைப் பார்த்துப் பார்த்து ரோட்டைத் தாண்டிய பிறகுதான் ஜன்னல் ஞாபகம் வந்து நிமிர்ந்து பார்த்தேன்.

எல்லாருடைய முகமும் அங்கே இருந்தது. யாரும் சிரிக்கவில்லை.

நான் படியேறும் முன்பே மெட்ராஸ்காரர் கீழே இறங்கி வந்துவிட்டார். ஃபிளாஸ்கை அவரே வாங்கிக்கொண்டார். கேலி எதுவும் இல்லை. "கால்ல அடி கிடி பட்டுச்சாம்மா?" என்று கேட்டார். இல்லை என்றேன். "எப்பலேர்ந்து இப்படி?" என்றார். எப்படி என்றே தெரியாதபோது எப்போதிலிருந்து என்று என்ன சொல்ல? நாளைக்கு வகுப்புக்கு வர வேண்டாம், முதலில் டாக்டரைப் பார் என்று சொல்லிவிட்டு மேலே போனார்.

சாயங்காலம் கிளம்பும்போது அவனைப் படியில் மடக்கினேன். "இத எங்கிட்ட தனியா சொல்லியிருக்கலாம் இல்ல? எல்லார் முன்னாலயும் மானத்த வாங்கணுமா?" என்று கத்தினேன்.

"கோவிச்சுக்காதீங்க. மொதல்ல எங் கைதான் தப்புன்னு நெனச்சேன். அழிச்சு அழிச்சுப் போட்டேன். சேம் அப்படியேதான் வந்துச்சு." என் காலைக் கண்ணால் காட்டி, "மொதல்ல இவ்ளோ இல்லீங்க. இப்ப வரவர ஜாஸ்தி ஆவுது. உங்க வலது காலு தரையில நிக்கறதுக்கே பயப்படுது. டாக்டருக்குக் காட்டுங்க, ப்ளீஸ்" என்றான். அவனிடம் அத்தனை வார்த்தையை நான் ஒரே மூச்சில் கேட்டது அன்றைக்குத்தான். விறுவிறுவென்று போய்விட நினைத்தேன், ஆனால் அவன் பார்த்துக்கொண்டிருப்பான் என்று நினைத்தாலே கால் பின்னியது.

வீட்டில் அம்மாவிடம், "நான் நொண்டறேனா?" என்று கேட்டேன். "போடி, அவனுங்களுக்கு வேற வேல இல்ல" என்றாள். சரி, நட பார்க்கலாம் என்றாள். நடந்தேன். எங்கே நடப்பது? எங்கள் வீடு ஒரு அறையும் ஒரு அடுப்படியும்தான். வாசல் கதவிலிருந்து அடுப்புக்கு நாலு எட்டு வைத்தால் சுவர் இடிக்கும். அந்த வீட்டில் யாரும் யாருடைய நடையையும் பார்த்ததே கிடையாது, பார்க்க இடமில்லை. இத்தனை வருடம் அது எனக்குத் தோன்றியதே இல்லை.

மறுநாள் காலையில் அம்மா வேலைக்குப் போகுமுன் என்னை அல்சூர் ஏரிக்கரைக்குக் கூட்டிப் போனாள். நீ அந்த மரம் வரைக்கும் போய்த் திரும்பி வா என்று அனுப்பிவிட்டு அவள் இங்கேயே நின்றாள். போய் வந்தேன். "இன்னொரு தடவ போ" என்றாள். போய் வந்தேன். "இன்னொரு தடவ" என்றாள், குரல் மாறியிருந்தது. மூன்றாம் தடவை நான் திரும்பி வருவதற்குள் அவள் கரையில் உட்கார்ந்துவிட்டாள். "தெனமும் உன்னத்தானேடி பாக்கறேன். என் கண்ணு அவிஞ்சா போச்சு? யாரோ ஒருத்தன் சொல்லி எனக்குத் தெரியணுமா?" என்று தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். நடைப்பயிற்சி போகிறவர்கள் நின்று பார்த்தார்கள். நான் அவளைச் சமாதானம் பண்ணவும் இல்லை. பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன். உட்கார இடம் கிடைத்ததே என்று இருந்தது எனக்கு.

தெருமுனை டாக்டர் முழங்காலை அமுக்கிப் பார்த்துவிட்டு சத்து மாத்திரை எழுதினார். அம்மா அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அன்றைக்கே லீவு போட்டுவிட்டுப் பெரிய ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனாள். அங்கே ஒரு எலும்பு டாக்டர் என்னைப் படுக்க வைத்து, முழங்காலைத் தொடாமல், தொடையைப் பிடித்து மெல்ல உள்பக்கம் திருப்பினார். நான் போட்ட சத்தத்தில் வெளியே வரிசையில் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். எக்ஸ்ரே, ரத்தப் பரிசோதனை, அப்புறம் இன்னும் என்னென்னவோ. கடைசியில் சொன்னார்கள், இடுப்பு மூட்டில் டி.பி. வலி முழங்காலில் தெரிந்தாலும் வியாதி இருந்தது இடுப்பில். சாயங்காலக் காய்ச்சல், இளைத்துப் போனது, அந்தத் தீராத அலுப்பு எல்லாமே அதுதான். டி.பி. என்றால் இருமுவார்கள் என்றுதான் எங்களுக்குத் தெரியும். எலும்பில் வரும் என்று யார் கண்டது?

மூட்டு இன்னும் பெரும்பாலும் நன்றாகவே இருக்கிறது, சில மாதம் கழித்து வந்திருந்தால் அரித்துப் போயிருக்கும், கால் குட்டையாகி ஆயுசுக்கும் மடங்காமல் போயிருக்கும் என்றார் டாக்டர். அவர் கன்னடத்தில் சொன்னார், அம்மா கன்னடத்திலேயே அழுதாள். இவ்வளவு சீக்கிரம் யார் கவனித்தது என்று கேட்டார். "கார்ட்டூன் போடற பையன் சார்" என்றேன். அவர் அம்மாவைப் பார்த்தார். காய்ச்சலில் உளறுகிறேன் என்று நினைத்திருப்பார்.

படுக்கையில் போட்டுவிட்டார்கள். காலில் பட்டை கட்டி, கயிறு விட்டு, கட்டில் முனையில் ஒரு உருளை வழியாக மணல் மூட்டையைத் தொங்கவிட்டார்கள். அசையக் கூடாது. வேளைக்கு ஒரு கைப்பிடி மாத்திரை. முதல் சில வாரம் நான் செய்ததெல்லாம் தூங்கியதுதான். சோம்பேறி என்று யாரும் திட்டாமல், மனசு உறுத்தாமல், பகல் முழுக்கத் தூங்கினேன். அது எவ்வளவு பெரிய சுகம் என்று நோயாளியாகப் படுத்தவர்களுக்குத்தான் தெரியும்.

ஸ்டூடியோ வேலை போனது போனதுதான். அடுத்த தடவை ஆள் எடுக்கும்போது பார்க்கலாம் என்று மெட்ராஸ்காரர் சொல்லி அனுப்பினார். அந்த அடுத்த தடவை வரவே இல்லை. கொஞ்ச நாளில் எல்லாம் கம்ப்யூட்டருக்கு மாறிவிட்டது, அந்த ஸ்டூடியோவையும் மூடிவிட்டார்கள். அழுதேன், நிறையவே அழுதேன். கால் கிடைத்ததற்குச் சந்தோஷப்படாமல் வேலை போனதற்கு அழுகிறாளே என்று பக்கத்துக் கட்டில் அம்மாள் ஏசினாள். கால் என்னுடையது, அது இருக்கும் என்று நான் எப்போதுமே நினைத்திருந்தேன். வேலை அப்படியா?

வகுப்பில் இருந்தவர்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை கூட்டமாகப் பார்க்க வந்தார்கள். அவனும் வந்தான். அவனுக்கு வேலை கிடைத்துவிட்டது என்று மற்றவர்கள் சொன்னார்கள். மெட்ராஸ்காரர் அந்தப் படத்தை ஒரு கோடுகூட மாற்றாமல் பாஸ் போட்டாராம். எல்லாரும் பேசிக்கொண்டே இருந்தார்கள், அவன் மட்டும் கட்டிலின் கால்மாட்டில் நின்று, அந்தக் கயிற்றையும் மணல் மூட்டையையும் பார்த்துக்கொண்டிருந்தான். கிளம்பும்போது, "இப்ப வலி கம்மியா?" என்று கேட்டான். ஆமாம் என்றேன். நன்றி என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. அத்தனை பேர் நடுவில் அதைச் சொல்வதற்கு வெட்கமாக இருந்தது. கால் சரியாகட்டும், நேரில் போய் நன்றாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

கால் சரியாவதற்கு ஒன்றரை வருடம் ஆயிற்று. முதலில் அக்குளில் இரண்டு கட்டை, அப்புறம் ஒரு கட்டை, அப்புறம் அம்மாவின் தோள், அப்புறம் ஒன்றும் இல்லை. கட்டையில்லாமல் பஸ் ஏறிய அந்த வாரமே அடுகோடிக்குப் போனேன். மாடி பூட்டிக் கிடந்தது. கீழே பட்டறையில் கேட்டதற்கு, எல்லாரும் எங்கெங்கோ போய்விட்டார்கள், அந்தப் பையன் ஹைதராபாத் போனதாகக் கேள்வி என்றார்கள். அப்போது எங்கள் யாரிடமும் செல்போன் கிடையாது. பிரேசர் டவுனில் வீடு என்று தெரியும், எந்தத் தெரு என்று தெரியாது. அது தெரிகிற அளவுக்கு நான் அவனோடு பேசியதில்லை.

பிறகு ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் பாடங்களுக்குப் படம் போடும் வேலை கிடைத்தது, கல்யாணம் ஆயிற்று, பிள்ளைகள் பிறந்தார்கள். மழை நாளில் இடுப்பு கொஞ்சம் பிடித்துக்கொள்ளும், மற்றபடி ஒரு குறையும் இல்லை. என் நடையைப் பார்த்து ஒரு காலத்தில் எனக்கு இப்படி இருந்தது என்று சொன்னால் யாரும் நம்புவதில்லை. ரோட்டில் யாராவது அலுத்துப் போய் நடந்து வந்தால் மட்டும் நான் நின்று பார்ப்பேன். இரண்டு காலையும் தனித்தனியாகப் பார்ப்பேன். என் பெண்ணுக்கு அது பெரிய மானக்கேடு, "மம்மி, ஸ்டேர் பண்ணாதே" என்று இழுத்துக்கொண்டு போவாள்.

அவன் கடைசியாக என் நடையைப் பார்த்தது நான் ஃபிளாஸ்கும் கையுமாக அடுகோடி ரோட்டைத் தாண்டி வந்த அன்றைக்குத்தான். அதற்குப் பிறகு என்னைக் கட்டிலில்தான் பார்த்தான். அவனுடைய ஞாபகத்தில் நான் இன்னமும் வலது காலை ஊன்றப் பயந்து பயந்துதான் நடந்துகொண்டிருப்பேன் என்று நினைக்கும்போதெல்லாம் மனசு கிடந்து அடித்துக்கொள்கிறது. நான் தேறி நன்றாக நடக்கிறேன் என்பது ஊருக்கெல்லாம் தெரியும், அதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டியவனுக்கு மட்டும் இன்றுவரை தெரியாது.